ஜோரியின் பங்கு

மொர்வென்னாவைச் சூனியக்காரி என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். ஆகஸ்ட் பிறந்ததும் முதல் கோதுமையில் ரொட்டி சுட்டு, தோழிகளோடு வயலோரத்தில் லாமஸ் என்ற அறுவடைத் திருநாளைக் கொண்டாடுவாள். கணவன் ஜோரிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ரொட்டிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான். இந்த வசந்தத்தில் அவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இம்முறை இறந்தவர்களின் பங்காக ஒரு முழு ரொட்டியைத் தட்டில் வைத்து, வேலியடியில் விட்டுவந்தாள். மறுநாள் காலை தட்டை எடுக்க, தோழி கெரென்சாவும் கூடப் போனாள். ரொட்டியின் மிருதுவான உட்பகுதியைக் காணோம். மேலோடு மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"நரி தின்னிருக்கும்டி," என்றாள் கெரென்சா.

"எத்தனை வருஷம் திட்டியும் திருந்தலை பாரு, இந்த மனுஷன்."

"வேணாம் மொர்வென்னா. வா, வீட்டுக்குப் போலாம்."

மொர்வென்னா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தாள். தினமும் ஜோரி ஒதுக்கிய மேலோட்டைத் தின்று தட்டைக் காலி செய்பவள் அவள்தான். அன்றைக்கும் அழுதுகொண்டே, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.