பெஞ்சில் உட்கார வைத்தவர்

“வண்டியை நிறுத்துங்க!”

எல் போர்டு மாட்டிய அந்தக் கார் சிக்னலில் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டர் பதற்றத்தில் இன்னொரு முறை பிரேக்கை மிதித்தார்.

பின்கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். மடியில் காய்கறிப் பை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஏன் மாஸ்டர், என் பொண்ணை எதுக்கு உக்கார வெச்சீங்க?”

டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த மாஸ்டர் கண்ணை இறுக மூடித் திறந்தார். பகலில் டிரைவிங் ஸ்கூல், சாயங்காலம் பெண்கள் கால்பந்து டீமுக்குக் கோச். இரண்டு இடத்திலும் அடுத்தவர் செய்கிற தப்புக்கு இவர்தான் திட்டு வாங்க வேண்டும்.

“அக்கா, கிளாஸ் நடந்துட்டிருக்கு...”

“நடக்கட்டும், நானும் கத்துக்கறேன். டாக்டர், பச்சை விழுந்தாச்சு. போங்க.”

டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினார். கார் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது.

விஷயம் இதுதான். அந்த அம்மாளின் மகள்தான் டீமின் கோல் ராணி. நேற்று, தேசிய டீமுக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் ஒருவர் முதல் முறையாக அந்த ஊருக்கு வந்திருந்தார். ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. அந்த நாளாகப் பார்த்து, கோல் ராணி ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“கால் வலின்னு அவளே சொன்னா அக்கா.”

“மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி ஏறுறவளுக்குக் கால் வலியா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“டாக்டர், லெப்ட்ல திரும்பணும். இண்டிகேட்டர் போடுங்க.”

வைப்பர் ஓடியது.

“பேச்சை மாத்தாதீங்க மாஸ்டர். ஆள் எடுக்க வந்த மனுஷன் பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஆட்டம் முடிஞ்சதும் யாரைக் கூப்பிட்டு, ‘எடுத்தாச்சு’ன்னு கை குடுத்தார்? டிஃபென்ஸ்ல ரெண்டு பேரு, மிட்ஃபீல்டுல ஒருத்தி. முந்தாநாள் வரைக்கும் என் பொண்ணுகிட்ட பந்தைத் தள்ளிவிட்டுட்டு, இடுப்புல கை வெச்சு வேடிக்கை பார்த்ததுங்க!”

“நேத்து வேடிக்கை பார்க்கலையே அக்கா. பிரமாதமா ஆடினாங்களே.”

“ஆடாம என்ன? அதுல ஒருத்தி உங்க கூடப்பிறந்தவ பொண்ணாச்சே!”

கார் சடக்கென்று நின்றது. இந்த முறை தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தவர் மாஸ்டர்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்படியே விழுங்கிவிட்டார். டாக்டர்கூட அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“போன தடவை நம்ம நாட்டு டீம் ஆறு கோல் வாங்கிட்டு வந்துச்சே, ஏன்? முன்னாடி நின்னு அடிக்க ஆள் இல்ல. என் பொண்ணு போயிருந்தா கதையே வேற. சின்ன வயசுலேர்ந்து அவ ஷூவுல இருந்த சேத்தைக் கழுவிக் கழுவி என் கை தேஞ்சதுதான் மிச்சம். உங்க சொந்தக்காரப் பொண்ணுக்காக அவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். ஒரு ஸ்கூட்டர் காரை உரசுவதுபோல் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், கோல் ராணி!

“அம்மா, நீ இந்த வண்டியில ஏறினேன்னு காய்கறிக் கடைக்காரர் சொன்னார். முதல்ல இறங்கு! மாஸ்டர், சொல்லிட்டீங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லலைம்மா. எவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு வேணா டாக்டரைக் கேளு.”

டாக்டர் பலமாகத் தலையாட்டினார்.

“எதைடி சொல்லலை?”

மகள் ஜன்னலருகே குனிந்தாள். “போன மாசம் வெளியூர்ல ஒரு போட்டி ஆடினேன்ல? அங்கயே அந்தத் தேர்வாளர் என்னை எடுத்துட்டாரும்மா. அடுத்த வாரம் எல்லார் பேரையும் சொல்லும்போது என் பேரும் வரும்.”

அம்மாளின் முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. கடைசியில் கோபம் ஜெயித்தது.

“பெத்தவகிட்டயே மறைச்சியாடி?”

“உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். ‘அவ விட்டுக்குடுத்ததாலதான் நாம வந்தோம்’னு அந்த மூணு பேரும் நினைச்சுப்பாங்க. அவங்க ஆடித்தான் வந்தாங்க.”

“அப்போ உன்னை உக்கார வெச்சது...?”

“நான்தான். மாஸ்டர் வேண்டாம்னுதான் தலைதலையா அடிச்சுக்கிட்டார். நான் இறங்கினா எல்லாப் பந்தும் என் காலுக்குத்தான் வரும். வந்தவரும் என்னையேதான் பார்த்துட்டிருப்பார்.”

அம்மாள் மெல்ல மாஸ்டர் பக்கம் திரும்பினார். மாஸ்டர் மும்முரமாக வைப்பரை நிறுத்திக்கொண்டிருந்தார். பையிலிருந்து நல்லதாக நாலு மாம்பழத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார் அம்மாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இறங்கும்போது மகளின் காதைத் திருகினார்.

“உனக்குத்தான் இடம் கிடைச்சாச்சே. மத்தவங்களைப் பத்தி உனக்கு எதுக்குடி இவ்வளவு கவலை?”

வலியிலும் சிரித்துக்கொண்டே மகள் சொன்னாள்:

“முன்னாடி நின்னு அடிக்க நான் போயிடுவேன். எனக்குப் பந்து குடுக்க ஆள் வேணாமாம்மா?”