ருசிப் பலகை

சாப்பிடுகிறவர்களின் நாக்குக்குப் பிடித்ததா இல்லையா என்று அந்த மெஸ்ஸின் சுவரிலிருந்த பலகையே சொல்லிவிடும். அதில் பச்சை விளக்கு எரிந்தால் சமையல்காரி சரசாளுக்குத் தலை நிமிரும். சிவப்பு எரிந்தால் அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. பதினோரு வருடமாக அவள் குழம்பை ருசி பார்த்ததில்லை. அதற்குத்தான் பலகை இருக்கிறதே!

அன்று மத்தியானம் பலகை பழுதாகிவிட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்த லாரி ஓட்டுநர் செங்கோடன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தயங்கினார்.

“ஏனுங்கக்கா, குழம்புல உப்புப் போட்டீங்களா?”

“போட்டனுங்களே!” என்றாள். சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

“நீங்களே ஒரு வாய் பாருங்க.”

கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். நக்கிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நிமிர்ந்து, அணைந்துகிடந்த பலகையைப் பார்த்தாள்.

செங்கோடன் சட்டென்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்ததும் சரசாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு சொட்டை நாக்கில் விட்டாள்.

“உப்பே இல்லீங்க,” என்றாள்.

யாராவது தலையாட்டுகிறார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.