ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிய பை

ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் சுமந்து வந்த துணிப்பைக்குக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி கிடைத்தது. வீட்டுக்காரர் சந்தைக்குப் போகக் கதவைத் திறந்தால் போதும், பை மறைந்துவிடும். மனுசர் வெறுங்கையோடு போய், ஏழெட்டு பிளாஸ்டிக் பைகளோடு திரும்புவார்.

"சும்மா தொங்கற பையை நாளைக்குக் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிடறேன்" என்றாள் வீட்டம்மா.

பை பதறிப்போனது.

ஜன்னல் வழியாக, வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் கூப்பிட்டது. "அண்ணே, உங்களை மட்டும் அவர் மறக்கறதே இல்லையே!"

"நீ ராஜா மாதிரி ஆணியில காத்திருக்கே. என் கொக்கி காலியாத்தான் கிடக்கு, வந்து தொங்கு!"

ஃபேன் காற்றில் ஏறிய பை, ஜன்னலைத் தாண்டிப் பறந்து, கொக்கியில் போய் மாட்டிக்கொண்டது. அன்று கத்தரிக்காய், கீரை, தேங்காய் எல்லாம் நிரம்பி, தொப்பையோடு வீடு வந்தது.

"இது வண்டியிலேயே இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். வீட்டம்மா பையைக் கிழிக்க எடுத்து வைத்திருந்த கத்தரிக்கோலைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

மறுநாள் ஸ்கூட்டருக்குப் பாரம் தட்டியது. பைக்குள் பார்த்தால், பரணில் கிடந்த தூக்குவாளி!

"ஓட்டல்ல சாம்பார் வாங்க நானும் வரேண்ணே!"

"சரி, வா" என்று செருமியது ஸ்கூட்டர். "ஆனா இந்தப் பேச்சு பீரோ காதுல மட்டும் விழக்கூடாது!"