பொம்மைகளுக்கு இந்தப் பக்கம்

அமெரிக்காவிலிருந்து மகன் ஜெயபிரகாஷ் அனுப்பிய கம்பியில்லா வேலி, விருத்தாசலத்திலுள்ள வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. கேட்டருகே எல்லைக்கு வைத்த பீங்கான் பொம்மைகளைத் தாண்டினால், நாயின் கழுத்துப்பட்டை அதிரும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டான். "ஜிம்மி பஸ் ரோட்டுக்கு ஓடறதில்லியேம்மா?"

"பொம்மைகிட்டயே படுத்துக் கெடக்குதுப்பா. தாண்டறதே இல்ல," என்றாள் சுலோச்சனா.

சூளைப் புகையில் மாலை வெயில் மஞ்சளாய்க் கரைந்துகொண்டிருந்தது. ஜிம்மி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் கணவர் சிங்காரவேல் கேட்டார். "நம்ம கரண்ட்டுல மாட்டின அன்னிக்கே அந்த வேலிப் பொட்டி கருகிப்போச்சே. அவங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னா, அப்புறம் ஏன் தாண்டலன்னு கேப்பானே."

"ஏனாம்?"

"ஏர்போர்ட்டுக்குக் கெளம்பறப்ப, 'இங்கயே இரு, வந்துடறேன்'னு ஜிம்மிகிட்ட அவன் சொல்லிட்டுப் போன எடம்ங்க அது. அஞ்சு வருஷமாச்சு."