ஊரிலேயே அதிகச் சிவப்பு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் ட்ரோன் இறங்குகிறது. அதன் காற்றில் வரப்புப் புல் படுத்து எழுகிறது. இழப்பீட்டுக்காகப் பயிர்ச்சேதத்தைப் படமெடுக்க வந்த ஸ்ரீவித்யா, துப்பட்டாவால் வெயிலை மறைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறக்கிறாள். பக்கத்தில் குந்தியிருக்கும் விவசாயி சவரிராஜின் முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. கையில் அழுகிய சம்பாத் தூர் ஒன்று, நாறுகிறது. சாட்சிக்கென்று பிடுங்கி வந்திருக்கிறார். மழைத்தண்ணீர் பன்னிரண்டு நாள் நின்று நெல்லைக் கொன்றுவிட்டது. வடிந்த வயல் முழுக்க இப்போது கோரை மண்டிக் காற்றில் அலைகிறது. திரையில் அவர் வயல் ரத்தச் சிவப்பாக விரிகிறது. இது அகச்சிவப்புக் கேமராவின் படம். செழித்த இலைதான் இதில் சிவப்பு. செத்த பயிர் சாம்பல் நிறம். நெல்லா கோரையா என்று கேமராவுக்குத் தெரியாது. ஆபீசுக்குப் போவதும் படம் மட்டும்தான்; குறிப்பு எழுத அதில் இடமில்லை.

"இதாம்மா நம்ம வயலு?"

"ஆமாங்க."

"இவ்வளவு செவப்பா!" அவர் முகம் தெளிகிறது. "அம்புட்டும் அழிஞ்சு போச்சுன்னு நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. மெஷினு பாத்துடுச்சு பாத்தீங்களா."

ஸ்ரீவித்யா வாயைத் திறக்கிறாள். அதற்குள் அவர் போனில் மனைவியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அமலி, இனிமே கவலப்படாத. ஊர்லயே நம்ம வயலுதான் அதிகச் செவப்பு." சொல்லிக்கொண்டே, இனி எதற்கு என்பதுபோல், அழுகிய தூரை வாய்க்காலில் விட்டெறிகிறார்.