வேண்டாத இடைவெளி

“இந்த ரெண்டு டேபிளுக்கும் நடுவால ஏன் தம்பி இவ்ளோ எடம் வெள்ளையாக் கெடக்கு? பாக்கவே நல்லால்ல. தூக்கிடு.”

முத்துசாமி கம்ப்யூட்டர் திரையில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு கட்ட அட்டவணைகளுக்கு நடுவே விரலை வைத்து அழுத்தினார். வாலிகண்டபுரம் பக்கம் வயல்களை வளைத்துப் போட்டு, ‘கடாட்சம் நகர்’ என்று பெயர் சூட்டிய ரியல் எஸ்டேட்காரர். நகருக்கு இன்னும் ஒரு தெருவிளக்குகூட வரவில்லை, வெப்சைட் வந்துவிட்டது.

சரத்குமார் பெரம்பலூரில் வெப்சைட் போட்டுத் தரும் கடை வைத்திருப்பவன். வேறு யாராவது இப்படித் திரையில் கை வைத்திருந்தால் கடித்துக் குதறியிருப்பான். இவரிடம் பல்லைக் காட்டினான். அதே நகரில் அவனும் ஒரு மனைக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பத்திரத்துக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தான். மனை பதிவானால்தான் பெண்ணைத் தருவேன் என்று அரியலூரில் அவன் கட்டிக்கொள்ள நினைத்திருக்கும் இலக்கியாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

“பழைய ஆள் பண்ணின கூத்து சார் இது. நடுவால மார்ஜின் வச்சுட்டுப் போயிருக்கான். வேலை தெரியாத பய.”

“அவனத் தொரத்தி வுட்டாச்சு. சொன்னா கேக்க மாட்டேங்குறான்.”

“கீழ் டேபிளோட மேல் மார்ஜின ஜீரோ ஆக்குறேன், பாருங்க.”

ஆக்கினான். இடைவெளி இம்மியும் அசையவில்லை.

“ஒனக்கும் தெரியாதா?” முத்துசாமி முகத்தைச் சுளித்தார். “அப்ப திருச்சில ஆளப் பாத்துக்குறேன்.”

பத்திரம், பெண் இரண்டும் பஸ் ஏறிப் போவது சரத்தின் கண்ணில் தெரிந்தது.

“இருங்க சார்! மேல் டேபிளும் தன் பங்குக்குக் கீழ எடம் விட்டிருக்கு. ரெண்டுல எது பெருசோ அது நிக்கும். ஒண்ண மட்டும் எடுத்தா போகாது.”

அதையும் ஜீரோ ஆக்கினான். இரண்டு டேபிளும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன. கட்டம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்பது அவன் கொள்கை.

“அட்றா சக்கை!” முத்துசாமி அவன் முதுகில் தட்டினார். “வர்ற வெள்ளிக்கெழம ஒம் பத்திரத்த முடிச்சுடுவோம். சீக்கிரம் வூடு கட்டுற வழியப் பாரு.”

சரத்தின் காதில் மேளச்சத்தமே கேட்டுவிட்டது. “வேண்டாத எடத்தக் கண்டுபிடிச்சுத் தூக்குறதுக்கும் ஒரு மூளை வேணும் சார்” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“இருக்கு தம்பி, ஒனக்கு நெறையவே இருக்கு. இந்தப் பிளான அப்படியே பிரிண்ட் போட்டுக் குடு. ஞாயித்துக்கெழம மனை பாக்க வர்றவங்களுக்குக் காட்டணும்.”

“பிளானா? இது வெறும் டேபிள்தானே சார்?”

“நம்ம நகரோட பிளான்யா. ஒவ்வொரு கட்டமும் ஒரு மனை. இப்பப் பாரு, நடுவால இருந்த எடமும் ரெண்டு பக்க மனையோட சேந்துடுச்சு!”

சரத் முதல்முறையாகக் கட்டங்களை உற்றுப் பார்த்தான். “அப்ப நடுவால நான் எடுத்த எடம் என்ன சார்?”

“மத்த மனைக்கெல்லாம் வெளிப்பக்கமா வழி இருக்கு. அது ஒம் மனைக்குப் போற ரோடு.”