அஞ்சு சொல்லி மூணு

அந்த முதியோர் இல்லத்தில் உண்மையின் விலை நாற்பது மதிப்பெண். மருந்து உதவியாளர் தேர்வில் நோயாளியிடம் ஒரு பொய் சொன்னாலும் நாற்பதும் போய்விடும். ஞானசெல்வியின் கையில் கட்டியிருந்த பட்டை ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தது. தேறினால்தான் அங்கே வேலை.

தேர்வில் அவளுக்கு வாய்த்த நோயாளி, பருப்பு மண்டி வைத்திருந்த தவசிலிங்கம் அண்ணாச்சி. நான்கு நாளாக இயந்திரக் கை மூன்று மாத்திரைகளை நீட்டுகிறது, அவர் தொடவில்லை.

“ஒண்ணு போதும்னேன். அது இறங்கி வரமாட்டேங்குது. அப்புறம் என்ன பேச்சு?”

செல்விக்குப் புரிந்துவிட்டது.

“இன்னிக்கு அஞ்சு, அண்ணாச்சி.”

“அஞ்சா? என்னைப் பார்த்தா இளிச்சவாயனாத் தெரியுதா? ரெண்டு.”

“உங்களுக்காக நாலு.”

“மூணு. இல்லேன்னா ஆளை விடு தாயி.”

“உங்ககிட்ட பேசி மீளமுடியுமா? சரி, போடுங்க.”

வென்ற சிரிப்போடு மூன்றையும் விழுங்கினார். பட்டை சிவந்தது: பொய் ஒன்று, தேறவில்லை.

மறுவாரம் சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அண்ணாச்சி அறையில் இயந்திரத்தின் குரலைக் கேட்டாள்: “இன்னிக்கு அஞ்சு, அண்ணாச்சி.”

இயந்திரத்துக்குத் தேர்வு கிடையாது. மாத்திரை அண்ணாச்சியின் வயிற்றில், தந்திரம் இயந்திரத்தின் வரவில், பொய் மட்டும் செல்வியின் பற்றில்.